கால்வாய்க்கரை வீடு ஏன் இவ்வளவு மலிவு?

மிச்சிகனிலிருந்து ஃப்ளோரிடாவுக்குக் குடிபோகலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் எங்களிடம் முதலில் கேட்பது வீட்டு விலையைத்தான். கேட்பதில் தப்பில்லை. டெட்ராய்ட் புறநகரில் சாதாரணமான ஒரு வீட்டை விற்ற காசில், பின்கதவைத் திறந்தால் தண்ணீர் தெரிகிற வீடு, அதுவும் நீச்சல் குளத்தோடு கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நாங்கள் டெட்ராய்ட் பக்கத்தில் இருக்கும் கேன்டனை விட்டு 2024 கோடையில் ஃப்ளோரிடாவின் கேப் கோரல் வந்தோம். இப்போதைக்குத் திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு வீடு மலிவாக இருக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், சில வீடுகளுக்கு நாலைந்து காரணம் இருக்கும், அந்தக் காரணம் நம்மால் தாங்கக்கூடியதா என்று வாங்குவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். வீடு தேடுவது என்றால் இங்கே முக்கால்வாசி அதுதான்.

மிச்சிகன், ஒஹாயோ ஆட்கள் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரைக்கு வருவது பழைய வழக்கம். டெட்ராய்ட் வழியாகப் போகும் அதே ஐ-75 நெடுஞ்சாலைதான் ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா எல்லாம் தாண்டி ஃபோர்ட் மையர்ஸ் வரை வருகிறது, அப்புறம்தான் கிழக்கே திரும்பி மயாமி பக்கம் போகிறது. ஃபோர்ட் மையர்ஸுக்கு எதிர்க்கரையில், கலூசஹாட்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது கேப் கோரல். 1957-ல் ரோசன் சகோதரர்கள் லெனார்ட், ஜாக் என்று இரண்டு பேர், பால்டிமோரில் தலைமுடிக்கான தைலம் விற்றுக் காசு பார்த்தவர்கள், இங்கே வந்து ஆளில்லாத சதுப்பு நிலத்தை வாங்கிக் கால்வாய் வெட்டி, வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, மனை போட்டு, வடக்கே குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தவணைமுறையில் விற்றார்கள். இன்றைக்கு நகருக்குள் 400 மைலுக்கு மேல் கால்வாய் ஓடுகிறது. அதனால் கால்வாய்க்கரை மனை என்பது இங்கே அபூர்வமான பொருள் இல்லை, எக்கச்சக்கமாகக் கிடக்கிறது. விலை குறைவாக இருப்பதற்கு முதல் காரணம் அது, நல்ல காரணம்.

அடுத்த காரணம் எந்தத் தண்ணீர் என்பது. விளம்பரத்தில் எல்லாவற்றையும் தண்ணீர்க்கரை வீடு என்றுதான் போடுவார்கள். ஆனால் உப்புத் தண்ணீர்க் கால்வாய் வேறு, நன்னீர்க் கால்வாய் வேறு. உப்புக் கால்வாயில் படகை இறக்கினால் ஆற்றுக்குப் போய் அங்கிருந்து மெக்சிகோ வளைகுடாவுக்கே போய்விடலாம். அதிலும் நடுவில் பாலம் எதுவும் குறுக்கிடாத கால்வாய் என்றால் பாய்மரப் படகே போகும், விலை இன்னும் ஏறும். நன்னீர்க் கால்வாய்க்குக் கடலோடு தொடர்பு கிடையாது. துடுப்புப் படகு விடலாம், மீன் பிடிக்கலாம், சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரலாம், அவ்வளவுதான். எங்களுக்கு அவ்வளவே போதும். படகே இல்லாதவனுக்குப் பாலம் இல்லாத கால்வாய் எதற்கு என்று என் கணவர் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வளைகுடாவுக்கு வழி உண்டு என்று மட்டும் போட்டிருந்தால் நம்பி வாங்காதீர்கள். கால்வாய்க்குள் படகை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், சில வீடுகளிலிருந்து ஆற்றைத் தொடவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எத்தனை நிமிடம், வழியில் எத்தனை பாலம், பாலத்தின் உயரம் என்ன என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்புக் கால்வாய் வீட்டில் இன்னொரு செலவு மண்ணுக்குள் நிற்கிறது. கரை சரியாமல் இருக்கக் கட்டும் கான்கிரீட் தடுப்புச் சுவர், சீவால் என்பார்கள், வீட்டுக்காரர் பொறுப்பு. இங்கே வழக்கமான மனை 80 அடி அகலம். அந்த 80 அடிச் சுவரும் விழுந்துவிட்டால் திரும்பக் கட்டப் பல்லாயிரம் டாலர் ஆகும். 2022-ல் இயன் புயல் வந்தபோது ஊர் முழுக்க இந்தச் சுவர்கள் சரிந்தன. ஃபெடரல் வெள்ளக் காப்பீட்டில் சீவாலும் வராது, படகுத்துறையும் வராது. ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு எல்லாம் பிடித்துப்போய்ப் பின்பக்கம் போனால், சுவரின் மேல்விளிம்பு தண்ணீர்ப் பக்கமாக வயிறு தள்ளியிருந்தது, அதையொட்டிய புல்தரையில் கால் வைத்தால் அமுங்கியது, சுவருக்குப் பின்னால் மண் கரைந்து உள்ளே குழி விழுந்திருக்கிறது. அக்கம்பக்கத்தை விட அந்த வீடு ஏன் அவ்வளவு குறைச்சலாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது, நகராட்சித் தண்ணீர் வந்துவிட்டதா இல்லையா. ஊரின் வடபகுதியில் பல தெருக்களில் இன்னும் சொந்தக் கிணறும் செப்டிக் டேங்கும்தான். நகராட்சி பகுதி பகுதியாகக் குழாய் போட்டுக்கொண்டே வருகிறது, உங்கள் தெருவுக்கு வரும்போது அந்தச் செலவில் உங்கள் பங்கு, அசெஸ்மென்ட் என்பார்கள், உங்கள் தலையில் விழும், அதுவும் பல்லாயிரம் டாலர் கணக்கு. ஒரேயடியாகக் கட்டலாம், இல்லையென்றால் சொத்துவரியோடு சேர்த்து வருஷக்கணக்கில் கட்டலாம். ஒரே அளவு, ஒரே வயது வீடு இரண்டுக்குள் விலை வித்தியாசம் தெரிந்தால் அசெஸ்மென்ட் கட்டி முடித்தாகிவிட்டதா என்று கேளுங்கள். வடகிழக்கில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது, கிணறு வற்றிய வீடுகளும் உண்டு, அங்கே வாங்குகிறவர்கள் கிணற்றின் ஆழத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி இன்ஷூரன்ஸ். மிச்சிகனில் வீட்டு இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று எங்களில் யாருக்கும் ஞாபகமே இருக்காது, வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் வங்கி மாதத் தவணையோடு பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் பத்தோடு பதினொன்றாகப் போய்க்கொண்டிருக்கும். இங்கே அது வீட்டுக்கடன் வட்டி மாதிரி, வீட்டையே தீர்மானிக்கும். வீடு பிடித்திருக்கிறது என்றால் விலை பேசுவதற்கு முன்னால் அந்த முகவரிக்கு இன்ஷூரன்ஸ் கொட்டேஷன் வாங்குங்கள், நிறையப் பேரிடம் வாங்குங்கள். முதல் கேள்வியே கூரை எந்த வருஷம் போட்டது என்பதுதான். பழைய கூரை என்றால் பல கம்பெனிகள் பேசவே மாட்டார்கள். எந்தத் தனியார் கம்பெனியும் நியாயமான விலைக்கு எடுக்காவிட்டால் கடைசிப் புகலிடமாக மாநிலம் நடத்தும் சிட்டிசன்ஸ் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கிறது, ஆனால் அதில் சேர்ந்தால் வெள்ளக் காப்பீடும் எடுக்க வேண்டும் என்ற விதி படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது, 2027 ஜனவரிக்குள் அநேகமாக எல்லாருக்கும் பொருந்தும்.

வீட்டின் வயதில் 2002 ஒரு கோடு. அந்த வருஷம் மார்ச்சில்தான் மாநிலம் முழுக்க ஒரே கட்டட விதி அமலுக்கு வந்தது, அதற்குப் பிறகு கட்டியவை புயற்காற்றைத் தாங்கும் விதத்தில் ஒரு படி மேல். கூரைச் சட்டத்தைச் சுவரோடு கட்டியிருப்பது ஆணியா, கிளிப்பா, உலோகப் பட்டையா, ஜன்னல்களுக்கு ஷட்டர் இருக்கிறதா என்று பரணில் ஏறிப் பார்த்து ஒரு படிவம் தருவார்கள், விண்ட் மிட்டிகேஷன் என்று பெயர். சில நூறு டாலருக்குள் முடிகிற வேலை. அந்தப் படிவத்துக்குக் கம்பெனிகள் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பழைய வீடு என்றால் கூரை, மின்சாரம், குழாய், ஏசி நான்கையும் பார்க்கிற ஃபோர் பாயிண்ட் அறிக்கையும் கேட்பார்கள். அதில் பாலிபியூட்டிலீன் என்ற பழைய ரகப் பிளாஸ்டிக் குழாய் என்று வந்தால் அந்தப் பாலிசி கிடைப்பது கஷ்டம்.

பாலிசியில் எல்லாரும் படிக்காமல் விடுகிற இடம் ஹரிக்கேன் டிடக்டிபிள், அதாவது புயல் சேதத்தில் கம்பெனி கொடுப்பதற்கு முன்னால் நாம் போட வேண்டிய பங்கு. சாதாரண டிடக்டிபிள் ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்று இருக்கும், ஹரிக்கேனுக்கு மட்டும் தனியாக 2 சதவீதம் என்று எழுதியிருக்கும். எதில் 2 சதவீதம்? சேதத்தில் இல்லை, வீட்டின் காப்பீட்டுத் தொகையில். 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு முதல் 8,000 டாலர் நம் கையிலிருந்து போகும். அந்தப் பணத்தைத் தனியாகச் சேமிப்பில் வைத்திருக்க முடியாது என்றால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்பேன்.

புயலில் காற்றால் வரும் சேதத்துக்குத்தான் வீட்டு இன்ஷூரன்ஸ். தண்ணீர் தரையோடு வந்து உள்ளே நுழைந்தால் அதற்கு வெள்ளக் காப்பீடு தனி. ஃபெடரல் திட்டத்தில் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000, உள்ளே இருக்கும் சாமான்களுக்கு 1,00,000. எடுத்து 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், அதனால் புயல் வருகிறது என்று டிவியில் சொன்னபிறகு ஓடினால் பிரயோஜனமில்லை. வீட்டுக்கடனுக்காக க்ளோசிங்கின்போதே, அதாவது கையெழுத்துப் போட்டு வீடு கைமாறும்போதே எடுத்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது. எங்களுக்கு வீடு காட்டிய ஏஜென்ட் ஒருவர், பெயர் வேண்டாம், "இது எக்ஸ் ஜோன், வெள்ள இன்ஷூரன்ஸ் தேவையில்லை" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டே வந்தார். எக்ஸ் என்பது வெள்ள வரைபடத்தில் ஆபத்து குறைவு என்று குறித்த பகுதி, அதன் அர்த்தம் வங்கி கட்டாயப்படுத்தாது என்பது மட்டும்தான். தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது.

இங்கே பணம் மிச்சமாகிற ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2021 அக்டோபரிலிருந்து ஃபெடரல் திட்டத்தின் கட்டணக் கணக்கே மாறிவிட்டது. வீட்டின் உயரம், தண்ணீரிலிருந்து தூரம், திரும்பக் கட்ட ஆகும் செலவு எல்லாம் பார்த்து வீட்டுக்கு வீடு தனிக் கட்டணம் போடுகிறார்கள். பழைய பாலிசிக்காரர்கள் அந்த முழுக் கட்டணத்தை ஒரேயடியாகக் கட்ட வேண்டியதில்லை, குடியிருக்கும் சொந்த வீடு என்றால் வருஷத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. விற்பவரின் பாலிசியை அப்படியே வாங்குபவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அந்தக் குறைந்த கட்டணமும் கூடவே வரும். ஆனால் பாலிசி காலாவதியாகி இருக்கக்கூடாது. அதனால் விற்பவரிடம் வெள்ளப் பாலிசி இருக்கிறதா, எவ்வளவு கட்டுகிறார், வீட்டின் உயரத்தை அளந்து எழுதிய எலிவேஷன் சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். எங்களுக்குப் புதிதாகப் போட்டிருந்தால் ஆகியிருக்கும் தொகையில் ஏறக்குறைய பாதிக்கு முடிந்தது.

வீட்டைச் சோதிக்க வந்தவரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எழுபதை நெருங்கும் ஆள், தொப்பியில் சிறு விளக்கு. நாங்கள் வாங்க நினைத்த வீடு 2006-ல் கட்டியது. அந்த வருஷத்தைக் கேட்டதும் கூரையைப் பார்ப்பதற்கு முன்னால் நேராகக் கராஜுக்குள் போய் மின்சாரப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே உறை போடாத எர்த் கம்பிகள் கொத்தாகத் தொங்கின. ஒன்றை விரலால் ஒதுக்கி விளக்கடித்து, "பாருங்கள், புதுச் செம்புக்காசு நிறம்" என்றார். 2004 முதல் 2007 வரை இங்கே வீடு கட்டும் வெறி பிடித்திருந்த காலத்தில் சுவர்ப்பலகைக்குத் தட்டுப்பாடு வந்து சீனாவிலிருந்து இறக்கினார்கள். அதில் சில கந்தக வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், செம்புக் கம்பி கரி பூசினாற்போல் கறுத்துவிடும், ஏசி சுருள் வருஷா வருஷம் ஓட்டையாகும், வீட்டுக்குள் அழுகிய முட்டை வாசம். அப்படிப்பட்ட வீடுகளைச் சுவரெல்லாம் உரித்துத்தான் சரிசெய்ய முடியும். கம்பியைப் பார்த்தபிறகு ஏசியைத் திறந்து சுருளையும் பார்த்தார். அப்புறம் வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால், வண்ணம் அடிக்க மறந்துபோகும் மூலையில், மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். வெள்ளம் வந்து போன வீடுகளில் அங்கேதான் கோடு மிஞ்சியிருக்குமாம். வீட்டை விற்பவர் வெள்ளத்தைப் பற்றி எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற மாநிலச் சட்டம் 2024 அக்டோபர் 1-ல்தான் வந்தது, நாங்கள் வாங்கியது அதற்கு முன்னால், எங்களுக்கு அவர் முழங்காலும் விளக்கும்தான் சாட்சி.

நகராட்சி இணையதளத்தில் வீட்டு முகவரியைப் போட்டு பெர்மிட்களையும் பாருங்கள். இயனுக்குப் பிறகு அவசரத்தில் அனுமதி வாங்காமல் செய்த வேலைகள் ஏராளம். 2024-ல் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் கேப் கோரலுக்கு வெள்ளக் காப்பீட்டில் கிடைத்துவந்த 25 சதவீதத் தள்ளுபடியை எடுத்துவிடப் போவதாக, வெள்ளக் காப்பீட்டை நடத்தும் ஃபெடரல் பேரிடர் அமைப்பான ஃபீமா அறிவித்தது, அப்புறம் நகரம் கணக்குக் காட்டித் தக்கவைத்துக்கொண்டது. பழைய தாழ்வான வீடு வாங்கிப் புதுப்பிக்கலாம் என்று திட்டம் போடுபவர்கள் 50 சதவீத விதியைப் படித்துவிட்டுப் போடுங்கள். வெள்ளப் பகுதியில் உள்ள கட்டடத்தின் மதிப்பில், மனையைச் சேர்க்காமல், பாதியைத் தொடுகிற அளவுக்கு வேலை செய்தால் முழு வீட்டையும் இன்றைய விதிப்படி உயர்த்த வேண்டும். தரைமட்டக் கான்கிரீட் வீட்டை எப்படி உயர்த்துவது? இடிப்பதுதான். மனை விலைக்கு விற்பனைக்கு வந்திருக்கிற பழைய வீடுகளில் பல இந்த ரகம்.

சொத்துவரி மிச்சிகன்காரர்களுக்குப் புதிதல்ல. அங்கேயும் வீடு கைமாறினால் மறுவருஷம் வரி மேலே ஏறும், இங்கேயும் அப்படியே. விற்பவர் கட்டும் வரியைப் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள், அவர் அங்கேயே குடியிருந்தவர் என்றால் அவருடைய மதிப்பு வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் கட்டிப்போட்டிருப்பார்கள். நமக்கு ஜனவரி 1-ல் சந்தை மதிப்புக்குத் திரும்பும். நாம் குடியிருக்கும் சொந்த வீடு என்று ஹோம்ஸ்டெட் விண்ணப்பம் மார்ச் 1-க்குள் போட்டால் 50,000 டாலருக்குச் சற்று மேல் வரை மதிப்பில் கழிவு உண்டு, அதில் பாதி பள்ளி வரிக்குப் பொருந்தாது, அங்கிருந்து நமக்கும் அந்த 3 சதவீத வேலி. வங்கி முதல் வருஷம் பழைய வரியை வைத்து எஸ்க்ரோ போடும், இரண்டாம் வருஷம் பற்றாக்குறை என்று கடிதம் வந்து மாதத் தவணை ஏறும். எங்களோடு வந்த இன்னொரு குடும்பம் அந்தக் கடிதத்தைப் பார்த்து ஏமாற்று வேலை என்றே நினைத்துவிட்டது. மிச்சிகனில் கட்டிய 4.25 சதவீத மாநில வருமானவரி இங்கே இல்லை, அந்த மிச்சம் இன்ஷூரன்ஸுக்குப் போகும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

வேலை, விசா. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்-1பியில் இருப்பவர், வேலை முழுக்க வீட்டிலிருந்துதான் என்றாலும், வேறு மாநகரப் பகுதிக்கு வீடு மாறினால் கம்பெனி புதிதாகத் திருத்த மனு போட வேண்டும், மாறுவதற்கு முன்னால் போட வேண்டும். கிரீன் கார்டுக்கான முதல் கட்டம், பெர்ம், ஓடிக்கொண்டிருந்தால் அது வேலை செய்யும் இடத்தோடு கட்டியது, வக்கீலிடம் கேட்காமல் பெட்டி கட்டாதீர்கள். குடியுரிமை இல்லாத எல்லாரும் 10 நாளுக்குள் முகவரி மாற்றத்தை இணையத்தில் தெரிவிக்க வேண்டும், கிரீன் கார்டு இருந்தாலும்தான். க்ளோசிங்கில், நான் இன்னின்ன நாட்டின் ஆள் இல்லை என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் நீட்டுவார்கள். 2023-ல் வந்த சட்டம், சீனா, ரஷ்யா, ஈரான் உள்ளிட்ட சில நாடுகளைக் குறித்தது, இந்தியா அதில் இல்லை, பயப்படாமல் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். என் கணவருடைய கம்பெனி வீட்டிலிருந்தே வேலை என்பதை எழுத்தில் கொடுத்தபிறகுதான் நாங்கள் வீட்டை விற்பனைக்குப் போட்டோம். இந்தப் பக்கம் மருத்துவமனை, கட்டடம், சுற்றுலா இவைதான் பெரிய வேலைகள். ஐடி வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொன்று கிடைக்கும் ஊர் இல்லை.

சாமான் ஏற்றுகிறவர்கள் விஷயத்தில், இணையத்தில் மலிவாகச் சொல்பவர்களில் பலர் தரகர்கள், லாரி வைத்திருப்பவர்கள் இல்லை. போக்குவரத்துத் துறை எண்ணை வாங்கி அரசு தளத்தில் சரிபாருங்கள், மாறாத விலையாக எழுதி வாங்குங்கள். தோராய மதிப்பீடு என்று கொடுத்திருந்தால் சாமானை இறக்கும்போது அதில் 110 சதவீதம் வரைதான் கேட்க முடியும், மிச்சத்துக்குப் பிறகு பில் அனுப்ப வேண்டும் என்பது ஃபெடரல் விதி. கார் பதிவுக்கு முதல் தடவை 225 டாலர் தனியாக வாங்குவார்கள். கார் இன்ஷூரன்ஸில், காப்பீடு இல்லாதவர் மோதினால் நமக்குப் பணம் தரும் அன்இன்ஷூர்ட் மோட்டாரிஸ்ட் பகுதியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், இங்கே பெரும்பாலான ஓட்டுநர்கள் அடுத்தவர் உடம்புக் காயத்துக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

பள்ளி ஆகஸ்ட் பத்து வாக்கிலேயே திறந்துவிடும், செப்டம்பரில் வரும் லேபர் டே வரை காத்திருக்காது. எங்கள் லீ கவுன்டியில் வீட்டு முகவரிக்கு ஒரே பள்ளி என்று இல்லை, உங்கள் பகுதியில் உள்ள பள்ளிகளை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்க வேண்டும், தாமதமாகப் போனால் மிச்சமிருப்பதுதான். நகராட்சியே நடத்தும் ஒயாசிஸ் சார்ட்டர் பள்ளிகளும் உண்டு. தடுப்பூசி விவரத்தை ஃப்ளோரிடா படிவத்தில் இங்குள்ள டாக்டரோ சுகாதாரத் துறையோ எழுதித்தர வேண்டும், கேன்டன் டாக்டர் கொடுத்த அச்சுத்தாள் போதாது.

வந்து ஒரு கோடைகூட முடியவில்லை, புயல் வந்துவிட்டது. செப்டம்பர் 26-ல் ஹெலீன் தூரத்தில் போனது, அதற்கே ஊரின் தெற்கில் கால்வாய்கள் கரையேறின. அக்டோபர் 9-ல் மில்டன். எங்கள் பகுதிக்கு வெளியேற உத்தரவு வந்தது. வெள்ளப் பகுதியும் வெளியேற்றப் பகுதியும் ஒன்றே இல்லை என்பதை இங்கே தடித்த எழுத்தில் போட வேண்டும்: இன்ஷூரன்ஸ் வரைபடத்தில் ஆபத்து குறைந்த எக்ஸ் என்று இருக்கும் வீடு வெளியேற்ற வரைபடத்தில் முதல் வரிசையில் இருக்கலாம். கவுன்டி தளத்தில் இரண்டையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்குகள் காலியாகிக்கொண்டிருந்தன, நாங்கள் முந்தின வாரமே டேங்கை நிரப்பி வைத்திருந்தோம், அலமாரி முதற்கொண்டு வீடு முழுக்க வீடியோ எடுத்துவிட்டு, பாஸ்போர்ட், பாலிசி, நகை எல்லாம் ஒரே பையில். வடக்கே போகும் ஐ-75 நெரிசலைப் பார்த்துக் கிழக்கே திரும்பி, சதுப்புக்காட்டைக் கடந்து கோரல் ஸ்பிரிங்ஸில் ஒரு தமிழ் நண்பர் வீட்டுக்குப் போனோம். தப்பித்தோம் என்று சாம்பார் சாதம் சாப்பிட்டு உட்கார்ந்தால் மறுநாள் எல்லார் கைபேசியும் ஒரே நேரத்தில் அலறியது, சுழற்காற்று (டொர்னேடோ) எச்சரிக்கை! மில்டன் கரையேறியது சரசோட்டா பக்கம் சியஸ்டா கீயில், ஆனால் அதன் வெளிவட்டம் கிழக்குக் கரையில் சுழற்காற்றுகளை இறக்கிவிட்டது. வடக்கே வெலிங்டனில் வீடுகள் பிய்ந்தன. நாங்கள் ஆறு குழந்தைகளோடு ஜன்னல் இல்லாத குளியலறையில் அடைந்து கிடந்தோம். திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் நீச்சல்குளக் கூண்டின் வலை கிழிந்திருந்தது, புல்வெளி முழுக்கப் பனைமட்டை, உள்ளே ஒன்றுமில்லை. வலைக்கான செலவு டிடக்டிபிளுக்குள் அடங்கிவிட்டது, அதாவது எங்கள் செலவு.

கோடையில் இந்தியா போகும் வழக்கம் இருப்பவர்கள் யோசிக்க வேண்டியது இதுதான். பள்ளி விடுமுறை, புயல் காலம் இரண்டும் ஜூன் வாக்கில்தான் ஆரம்பிக்கின்றன. வீட்டைப் பூட்டிவிட்டு ஏசியை அணைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது தோல் செருப்பு, பட்டுப்புடவைப் பெட்டி, பூஜை அறைச் சுவர் எல்லாம் பூஞ்சை. ஏசியை 80 டிகிரி ஃபாரன்ஹீட் வாக்கில் ஓடவிட்டு, மெயின் தண்ணீர் வால்வை மூடி, ஷட்டர் போட்டுவிட்டு, சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறோம். வீடு எவ்வளவு நாள் ஆளில்லாமல் இருக்கலாம் என்று பாலிசியில் விதி இருக்கும், அதையும் பாருங்கள்.

அம்மா மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தபோது முதல் காலையே, "கொல்லைப்பக்கம் முதலை வருமாமே, அடுத்த வீட்டு அம்மா சொல்றா" என்று கையில் காபியோடு உள்ளே வந்துவிட்டார். வரும். நன்னீர்க் கால்வாய் என்றால் அலிகேட்டர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், தீனி போடுவது சட்டப்படி குற்றம், அந்தி சாய்ந்தபிறகு குழந்தையோ நாயோ கரையோரம் போகக்கூடாது. ஆனால் எனக்கு முதலையை விடப் பயம் சொந்த நீச்சல்குளம்தான். சின்னக் குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பதில் அமெரிக்காவில் ஃப்ளோரிடா எப்போதும் முன்வரிசையில் இருக்கிறது. வீட்டுக்குள் குடிபுகுந்த அன்றே கதவுக்கு அலாரமும் குளத்தைச் சுற்றி வலைவேலியும் போட்டோம், பால் காய்ச்சியது அதற்குப் பிறகுதான். பெரியவள், சின்னவன் இரண்டு பேருக்கும் நீச்சல் வகுப்பு அந்த வாரமே.

தமிழ்க் கூட்டம் இங்கே குறைவு. தாம்பா, ஆர்லாண்டோ, ஜாக்சன்வில் பக்கம்தான் நம் ஆட்கள் அதிகம். மிச்சிகனில் நோவை என்ற ஊரில் இருக்கும் கோயிலுக்கு நினைத்த நேரம் போவோம், இங்கே ராஜகோபுரம் பார்க்கத் தாம்பாவுக்கு இரண்டரை மணி நேர ஓட்டம். மாமியாருக்கு அது பெரிய குறை, சொல்லிக்கொண்டே இருக்கிறார், நியாயம்தான். தோட்டத்தில் அதற்கு ஈடு கிடைக்கிறது என்பேன் நான். முருங்கை வெட்ட வெட்ட வளர்கிறது, வடக்கு ஃபோர்ட் மையர்ஸில் எக்கோ என்ற பண்ணையின் நாற்றங்காலில் முருங்கைக் கன்றே விற்கிறார்கள். பக்கத்துப் பைன் தீவில் ஜூன், ஜூலையில் மாம்பழம். கறிவேப்பிலை வேலியாட்டம் நிற்கிறது. மிச்சிகன் தோழிகள் ஒரு கன்று கொண்டுவா என்கிறார்கள், எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் தங்கும் என்பதால் செடியை மாநிலம் விட்டு எடுத்துப்போகத் தடை.

வீடு பார்க்க எப்போது வரலாம் என்பது கடைசியாக எல்லாரும் கேட்பது. பிப்ரவரியில் வராதீர்கள். அப்போது வானம் நீலம், காற்று இதம், வடக்கேயிருந்து வந்தவர்கள் கூட்டம், விலை உச்சியில், எந்த வீடும் சொர்க்கமாகத் தெரியும். ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில் வாருங்கள். தினம் மத்தியானம் மழை கொட்டும், நின்றதும் பிடித்த வீட்டுத் தெருவுக்குப் போய்த் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று காரிலிருந்தபடியே பாருங்கள். கால்வாய் பச்சைக் கஞ்சி மாதிரி பாசி படிந்திருந்தால் அப்போதுதான் தெரியும். பரணில் ஏசிக் குழாய் வியர்க்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். விற்பவர்களும் அந்த மாதங்களில் கொஞ்சம் இறங்கி வருவார்கள். ஒரு விஷயம், வளைகுடாவில் பெயர் வைத்த புயல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் புதுப் பாலிசி எழுதுவதை நிறுத்திவிடுவார்கள், க்ளோசிங் அப்படியே தள்ளிப்போகும். அதனால் அந்த மாதங்களில் முடிப்பதாக இருந்தால் பழைய வீட்டைக் காலி செய்யும் தேதிக்கும் புது வீட்டுத் தேதிக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விட்டு, அதுவரை சாமான் எங்கே இருக்கும் என்பதை லாரிக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.